நூலகக் கணினிக்கு எழுதப்படாத சட்டங்கள்

பதினாறு வயது நிரம்பாதவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்கக் கூடாது என்று ஆஸ்திரேலியா கொண்டுவந்த சட்டம் 2025 டிசம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்தது. அப்படியொரு சட்டத்தை இங்கும் பரிசீலிக்கலாம் என்று அதே மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கருத்துத் தெரிவித்தது. வீட்டுச் செல்பேசி, பள்ளிக்கூடச் செல்பேசி என்று விவாதம் சூடாக நடக்கிறது. மக்கள் வரிப்பணத்தில் இணையம் தரும் பொது நூலகத்தைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. அங்கே கணினியில் யார் உட்காரலாம், எவ்வளவு நேரம், யூடியூப் பார்க்கலாமா, முகநூலைத் திறக்கலாமா, பார்த்ததை யார் குறித்துவைப்பார்கள்? இந்தக் கேள்விகளுக்குப் பல ஊர்களில் ஒரே பதில்தான்: அன்றைக்குப் பணியில் இருக்கும் நூலகர் என்ன சொல்கிறாரோ அது.

விடுதலை பெற்ற இந்தியாவில் பொது நூலகங்களுக்கென்று முதலில் சட்டம் கண்ட மாநிலம் நம்முடையது. 1948ஆம் ஆண்டின் அந்தச் சட்டப்படி, நாம் கட்டும் சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரியாகப் போகிறது. வீட்டு வரி ரசீதை எடுத்துப் பார்த்தால் தனி வரியாக அச்சிட்டிருக்கும். ஆக, நூலகக் கணினியில் உட்காருகிறவர் யாருடைய தயவிலும் உட்காரவில்லை. அவரோ அவருடைய வீட்டுக்காரரோ ஏற்கெனவே பணம் கட்டியிருக்கிறார்கள்.

சென்னையில் 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் போன்ற பெரிய இடங்களுக்கு ஆளும் உண்டு, நடைமுறையும் உண்டு. என் கவலையெல்லாம் ஊர்ப்புற நூலகத்தையும் கிளை நூலகத்தையும் பற்றியது. இரண்டு கணினி, ஒரு பிரின்டர், ஒற்றை ஆள் பணி, வெள்ளிக்கிழமை விடுமுறை. ‘அமைதி காக்கவும்’, ‘புத்தகங்களில் எழுதாதீர்’ என்ற பலகைகள் சுவரில் இருக்கும். கணினிக்கு எந்தப் பலகையும் இருக்காது.

யார் வருகிறார்கள்?

நூலகக் கணினியில் பொழுதுபோக்குகிற இளைஞனைத்தான் பலர் கற்பனை செய்துகொள்கிறார்கள். அவனும் வருவான்தான். ஆனால், வரிசையில் அவனுக்கு முன்னால் நிற்பவர்கள் வேறு ஆட்கள்.

டிஎன்பிஎஸ்சி தேர்வுக்கு இணையத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஒருமுறைப் பதிவு, தேர்வு விண்ணப்பம், நுழைவுச்சீட்டு, விடைக்குறிப்பு எல்லாமே இணையத்தில். பொறியியல் கலந்தாய்வு 2018 முதல் இணையவழிக்கு மாறிவிட்டது. கல்வி உதவித்தொகை, பட்டா நகல், வருமானச் சான்று எதை எடுத்தாலும் அதே கதை. ‘செல்பேசியிலேயே செய்யலாமே’ என்று சொல்வது சுலபம். போட்டோவையும் கையெழுத்தையும் சொன்ன கேபி அளவுக்குள் சுருக்கி, சான்றிதழைப் பிடிஎஃப் ஆக்கி, பதினைந்து பெட்டிகள் உள்ள படிவத்தை ஐந்தங்குலத் திரையில் நிரப்பிப் பார்த்தவர் அப்படிச் சொல்ல மாட்டார். பாதியில் ஓடிபி வரும்; அதைப் பார்க்கப் போய்த் திரும்பினால் படிவம் காலியாகியிருக்கும்.

மடிக்கணினி இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு இரண்டே வழிதான். ஒன்று, காசு கொடுத்து பிரௌசிங் சென்டர். இன்னொன்று, காசில்லாமல் நூலகம். சிறு ஊர்களில் முதல் வழியும் அடைபட்டு வருகிறது. ஆளுக்கொரு செல்பேசி வந்தபிறகு பிரௌசிங் சென்டர்கள் ஒவ்வொன்றாக ஜெராக்ஸ் கடைகளாகிவிட்டன.

இணையம் கிடைப்பது கல்வி உரிமையின் ஒரு பகுதி என்று கேரள உயர் நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. கோழிக்கோடு பக்கம் ஒரு கல்லூரி விடுதியில், மாலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை மாணவிகள் செல்பேசியைத் தொடக் கூடாது என்று விதி போட்டார்கள். அதை ஏற்க மறுத்து விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்ட மாணவி தொடுத்த வழக்கு அது. விதி போட்டவர்களின் நோக்கம் நல்லதாகவே இருந்திருக்கலாம். நல்ல நோக்கம் மட்டுமே ஒரு விதியை நியாயமாக்கிவிடாது என்பதுதான் அந்தத் தீர்ப்பிலிருந்து நூலகத்துக்கு நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது.

தடைபோட்டால் எது நிற்கும்?

‘நூலகத்தில் சமூக ஊடகம் எதற்கு? மொத்தமாக மூடிவிடலாமே’ என்பது கேட்க நன்றாக இருக்கும் யோசனை. ஒரு நாள் கிளை நூலகத்தில் உட்கார்ந்து பார்த்தால் அதன் விலை தெரியும்.

யூடியூபை மூடினால் அரசின் கல்வித் தொலைக்காட்சிப் பாடங்களும் போகும். குரூப் 4 தேர்வுக்குக் கணக்கு சொல்லித்தரும் இலவச வகுப்புகளும் போகும். டெலிகிராமை மூடினால் போட்டித் தேர்வுக் குழுக்களில் சுற்றும் மாதிரி வினாத்தாள்கள் போகும். வாட்ஸ்அப்பை மூடினால் பிரின்டரே பாதி நாள் சும்மா கிடக்கும்; நம் ஊரில் ஒரு காகிதம் அச்சுக்குப் போகும் பாதை அதுதான். துபாயில் இருக்கும் மகன் அனுப்பிய ஆவணத்தை அச்செடுக்க வரும் அம்மாவுக்கு மின்னஞ்சல் முகவரி இருக்காது. வாட்ஸ்அப் இருக்கும்.

ஆகவே, தளத்தின் பெயரைப் பார்த்துத் தடைபோடுவது தவறான இடத்தில் கோடு கிழிப்பது. நடத்தையைப் பார்த்துத்தான் கிழிக்க வேண்டும். சத்தமாக வீடியோ பார்ப்பது தவறு; காதொலிக்கருவி போட்டுக்கொண்டு பாடம் கேட்பது தவறில்லை. பக்கத்தில் இருப்பவரின் முகம் தெரிய ரீல்ஸ் எடுப்பது தவறு. தான் வாசித்த நூலைப் பற்றி முகநூலில் எழுதுவது தவறில்லை. அடுத்த ஆள் காத்திருக்கும்போது விளையாடிக்கொண்டிருப்பது தவறு. யாருமே இல்லாத மத்தியான வேளையில் ஒரு பையன் சதுரங்கம் ஆடினால் கெட்டுப்போவது ஒன்றுமில்லை. சொல்லப்போனால், அவன் வெளியே வெயிலில் சுற்றாமல் நூலகத்துக்குள் இருக்கிறானே என்று மகிழ வேண்டும். இன்று கணினிக்கு வந்தவன் நாளை அலமாரிப் பக்கம் திரும்புவான்.

சமரசம் இல்லாத இடமும் உண்டு. ஆபாசப் படங்களைப் பொது இடத்தில் திறப்பது எந்த வாதத்துக்கும் உட்பட்டதல்ல. குழந்தைகள் தொடர்பான பாலியல் காட்சிகளைத் தேடுவதும் பார்ப்பதும் பதிவிறக்குவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவின்படி குற்றம். வெறுமனே வைத்திருந்து பார்த்தால் குற்றமில்லை என்று பொருள்படும் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவு ஒன்றை 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்துசெய்தது. இதைத் தெளிவாக எழுதி ஒட்டினால் நூலகரும் துணிந்து பேசலாம்; வாசகரும் ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்ல முடியாது.

வடிகட்டும் மென்பொருளைப் பொருத்திவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பவர்கள் அமெரிக்க அனுபவத்தைப் பார்க்கலாம். மத்திய அரசின் நிதியுதவி பெறும் நூலகங்கள் இணையத்தை வடிகட்ட வேண்டும் என்று 2000ஆம் ஆண்டில் அங்கே சட்டம் வந்தது. நூலகர் சங்கம் எதிர்த்து வழக்காடியது. 2003இல் உச்ச நீதிமன்றம் சட்டத்தை ஏற்றது. ஆனால், வயதுவந்த ஒருவர் கேட்டால் அந்தத் தடையை நீக்கிக்கொடுக்க வழி உண்டு என்பதைத் தீர்ப்பில் முக்கியமாகக் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். காரணம், சொல்லைப் பார்த்துத் தடுக்கும் மென்பொருளுக்கு மார்பகப் புற்றுநோயும் ஆபாசமும் ஒன்றுதான். மாதவிடாய் பற்றித் தெரிந்துகொள்ள நூலகத்துக்கு வரும் பதின்பருவப் பெண்ணை முதலில் திருப்பி அனுப்புவதும் அதுதான்.

அந்த ‘டவுன்லோட்ஸ்’ கோப்புறை

சமூக ஊடகத்தால் நூலகத்துக்கு வரும் கேட்டைப் பற்றி நாம் பேசும் அளவுக்கு, நூலகக் கணினியால் வாசகருக்கு வரும் ஆபத்தைப் பற்றிப் பேசுவதில்லை. எனக்கு இதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

பொதுக் கணினி எதையாவது எடுத்து அதன் ‘டவுன்லோட்ஸ்’ கோப்புறையைத் திறந்து பாருங்கள். முன்பின் தெரியாதவர்களின் ஆதார் அட்டை, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், சாதிச் சான்றிதழ், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், கல்யாணப் பத்திரிகை, ஸ்கேன் அறிக்கை. அச்செடுத்தவர் தாளை வாங்கிக்கொண்டு போய்விட்டார். கோப்பு அங்கேயே தங்கிவிட்டது. இன்னும் மோசம், வாட்ஸ்அப் வெப்பிலிருந்து வெளியேறாமல் எழுந்துபோவது. அடுத்து உட்காருகிறவர் முன்னால் ஒரு குடும்பத்தின் மொத்தப் பேச்சும் விரிந்து கிடக்கும். உலாவி ‘கடவுச்சொல்லைச் சேமிக்கவா?’ என்று கேட்கும். பழக்கமில்லாதவர் ‘ஆம்’ என்று அழுத்திவிடுவார்.

இதைத் தடுக்கப் பெரிய செலவில்லை. உலாவியை மூடியதும் எல்லாம் அழிந்துவிடுவதுபோல் அமைக்கலாம். கடவுச்சொல் சேமிப்பை நிரந்தரமாக நிறுத்திவைக்கலாம். கணினியை அணைத்துப் போட்டால் பழைய நிலைக்குத் திரும்பும் ஏற்பாடு இருக்கிறது. ஊரில் கணினி பழுதுபார்க்கும் பையனே ஒரு மத்தியானத்தில் செய்துகொடுத்துவிடுவான். செய்யச் சொல்ல ஆளில்லை. செய்ய வேண்டும் என்று எழுதிய விதியும் இல்லை.

அடுத்தது, வாசலில் உள்ள பதிவேடு. பெயர், ஊர், செல்பேசி எண், வந்த நேரம். திறந்தபடியே மேசைமேல் கிடக்கும்; முந்தைய பக்கத்தைப் புரட்ட யாருக்கும் தடையில்லை. மாலையில் படிக்க வரும் பெண்ணின் செல்பேசி எண் அவளுக்குப் பின்னால் கையெழுத்துப் போடும் முப்பது பேருக்கும் தெரிகிறது. அப்புறம் தெரியாத எண்ணிலிருந்து ‘ஹாய்’ வருகிறது என்றால், தப்பு செல்பேசியின்மேல் மட்டுமா? உறுப்பினர் எண்ணை எழுதினால் போதாதா?

காவலர் வந்து கேட்டால்?

சைபர் கஃபேக்களுக்கு மத்திய அரசு 2011இல் விதிகள் வகுத்தது. வருபவரின் அடையாள அட்டையைச் சரிபார்க்க வேண்டும், பதிவேட்டை ஓராண்டு வைத்திருக்க வேண்டும், தடுப்புகள் நாலரை அடிக்கு மேல் உயரக் கூடாது என்பவை அவற்றில் சில. வணிக முறையில் பொதுமக்களுக்கு இணையம் தரும் இடத்தைத்தான் அந்த விதிகள் சைபர் கஃபே என்கின்றன. காசு வாங்காத நூலகம் அதில் அடங்குமா? அடங்காது என்பதே என் வாசிப்பு. ஆனால், பதிவேட்டைக் கேட்டு ஒருவர் வந்து நின்றால் ஊர்ப்புற நூலகர் சட்டப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்க மாட்டார், எடுத்துக் கொடுத்துவிடுவார்.

தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017இல் ஒருமனதாகச் சொல்லிவிட்டது. ஒருவர் என்ன நூலை எடுத்துப் போனார் என்று நல்ல நூலகர் அடுத்தவரிடம் சொல்வதில்லை. என்ன பக்கத்தைப் பார்த்தார் என்பதற்கும் அதே மரியாதை வேண்டும். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் 2005இல், நூலகக் கணினியைப் பயன்படுத்தியவர்களின் விவரம் கேட்டு எஃப்பிஐ கடிதம் கொண்டுவந்தது. அதை வெளியே சொல்லவும் கூடாது என்றது. நான்கு நூலகர்கள் விவரம் தர மறுத்து நீதிமன்றம் போனார்கள். மறு ஆண்டு அரசுதான் பின்வாங்கியது. நம் நூலகர்களிடம் அத்தனை போராட்டத்தை எதிர்பார்ப்பது நியாயமில்லை. எழுத்துபூர்வமான கோரிக்கை இருந்தால்தான் பதிவேட்டைக் காட்டலாம், மாவட்ட நூலக அலுவலருக்குத் தெரிவித்த பிறகே காட்டலாம் என்று ஒரு வரி இருந்தால் அவர்களுக்கு அது கவசம்.

வைஃபையிலும் ஒரு சிக்கல் உண்டு. பொது வைஃபையில் நுழையச் செல்பேசி எண்ணும் ஓடிபியும் கேட்கும். சொந்த எண் இல்லாத மாணவர்களும், கணவரின் எண்ணையே எல்லாவற்றுக்கும் தரும் பெண்களும் வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள். உறுப்பினர் அட்டையைக் காட்டினால் நூலகரே அனுமதிக்க வழி வேண்டும்.

நூலகமும் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டியது

வாசகருக்கு விதி எழுதும்போது நூலகத்துக்கும் ஒன்று எழுத வேண்டும். கோடை முகாம், கதை சொல்லல், ஓவியப் போட்டி என்று எது நடந்தாலும், பிள்ளைகளின் முகமும் பெயரும் பள்ளியும் வகுப்பும் தெரிய முகநூலில் படம் ஏறிவிடுகிறது. ஊக்கத்தில் செய்வதுதான், கெட்ட எண்ணம் எதுவுமில்லை. ஆனால், 18 வயது நிரம்பாதவரின் தனிநபர்த் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம். பிள்ளைகளிடம் ‘இணையத்தில் படம் போடாதே’ என்று சொல்லும் நூலகம், தானே அதைச் செய்தால் எப்படி?

நேரமும் பணமும்

‘ஒருவருக்கு அரை மணி நேரம்’ என்பது நூலகங்களில் எளிதாக வந்துவிடும் விதி. விண்ணப்பத்தின் கடைசி நாளில் சர்வர் நத்தைபோல் நகரும்போது அரை மணி நேரத்தில் பணம் கட்டும் பக்கம்கூடத் திறக்காது. பாதியில் எழுப்பப்பட்டவர் திரும்ப உட்காரும்போது முதலிலிருந்து தொடங்க வேண்டும். சீர்காழியில் பிறந்து உலக நூலகவியலுக்கே அடித்தளமிட்ட எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்பது. கணினி வருவதற்கு முன்னால் சொன்னது. கணினிக்குத்தான் கச்சிதமாகப் பொருந்துகிறது.

பணத்தைப் பேசாமல் இதை முடிக்க முடியாது. நூலக வரியை வசூலிப்பவை உள்ளாட்சிகள். அதை நூலக ஆணைக்குழுவுக்குக் கொடுக்காமல் நிலுவை வைப்பதும் அவைதான். இது பல்லாண்டுப் புகார். நிலுவை வரும்வரை இணையக் கட்டணத்துக்கும் பிரின்டர் மைக்கும் யார் கொடுப்பது? நூலகர் கையிலிருந்து போடுகிறார். இல்லையென்றால் ‘கணினி வேலை செய்யவில்லை’ என்று சீட்டு எழுதி ஒட்டுகிறார். நூலெடுத்துக் கொடுப்பது, பருவ இதழ் அடுக்குவது, கூட்டம் நடத்துவது, விண்ணப்பம் நிரப்ப உதவுவது எல்லாம் அந்த ஒருவரே. அவருக்குப் பயிற்சி கொடுக்காமல், திரையைக் கண்காணி என்று மட்டும் சொன்னால் கணினியைப் பூட்டிவைப்பதே அவருக்கு நிம்மதி.

செய்ய வேண்டியது

முதலாவதாக, பொது நூலக இயக்ககம் மாநிலம் முழுவதற்கும் ஒரே பக்க விதிமுறை ஒன்றை எளிய தமிழில் வெளியிட வேண்டும். இருபது பக்கம் வேண்டாம். சுவரில் ஒட்ட முடியாத விதியை யாரும் படிக்கப்போவதில்லை. எது குற்றம், எது ஒழுங்குக் குறைவு, எதற்கு எச்சரிக்கை, எதற்குத் தடை, தடை எத்தனை நாள், யாரிடம் மேல்முறையீடு என்பவை அதில் இருந்தால் போதும். நூலகரின் கோபத்தில் ஒரு மாணவர் காலவரையின்றி வெளியே நிற்கும் நிலை அதோடு முடியும்.

நேரம் ஒரு மணி. காத்திருப்பவர் இல்லையென்றால் நீட்டிப்பு. விண்ணப்பம் நிரப்புபவருக்கு முன்னுரிமை. தேர்வு வாரியங்களின் கடைசித் தேதி வரும் வாரத்தில் ஒரு கணினியை அதற்கென்றே ஒதுக்கலாம். குழந்தைகள் பகுதிக் கணினியில் வடிகட்டும் மென்பொருள் இருக்கட்டும். பெரியவர்கள் கணினியில் தவறாகத் தடைபட்ட பக்கத்தைக் காரணம் கேட்காமல் நூலகர் திறந்துகொடுக்கட்டும். பதிவேட்டில் உறுப்பினர் எண்ணும் நேரமும் மட்டும் போதும். எத்தனை நாள் வைத்திருப்பது, எப்போது அழிப்பது என்பதையும், சைபர் கஃபே விதிகள் நூலகத்துக்குப் பொருந்துமா என்பதையும் அரசாணையே சொல்லிவிட வேண்டும்.

மாதம் ஒரு ஞாயிறு வாசகர் வட்டம் கூடும் ஊர்கள் பல. அதில் ஒரு மணி நேரத்தை எடுத்து, கணக்கிலிருந்து வெளியேறுவது எப்படி, போலி வேலைவாய்ப்பு அறிவிப்பைக் கண்டுபிடிப்பது எப்படி, பணம் பறிபோனால் 1930 என்ற எண்ணை உடனே அழைப்பது ஏன் என்று சொல்லித்தரலாம். உள்ளூர்க் கல்லூரி மாணவர்களே போதும், நிபுணர் வேண்டாம். கூடவே, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தையும் மதுரைத் திட்டத்தின் மின்நூல்களையும் திரையின் முகப்பிலேயே வைத்துவிட்டால், படிவம் நிரப்ப வந்தவர் காத்திருக்கும் நேரத்தில் ஒரு நூலைத் திறந்து பார்க்கவும் வாய்ப்புண்டு.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை உங்கள் ஊர் நூலகத்துக்குப் போகும்போது, கணினிக்கான விதிமுறை எழுத்தில் இருக்கிறதா என்று நூலகரிடம் கேளுங்கள். பெரும்பாலும் ‘இல்லை’ என்றுதான் சொல்வார். அவரைக் கோபிக்க வேண்டாம். உங்கள் வீட்டு வரி ரசீதில் உள்ள நூலக வரித் தொகையைக் குறிப்பிட்டு, மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்கு ஓர் அஞ்சலட்டை எழுதுங்கள்.